சத்தமாக ஜெபித்த சாயங்காலம்

ஒடிசா மலைக்கிராமம் ஒன்றுக்குச் சபைப் பெண்கள் சிலராக இரண்டு வாரம் ஊழியத்துக்குப் போயிருந்தோம். நான் திரும்பிய அன்று கணவர் பொழியூர்க் கடற்கரையிலிருந்து அயிலை மீன் வாங்கி வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், "அங்கே என்ன நடந்தது தெரியுமா?" என்று தொடங்கினேன். "முள்ளு உண்டு, பாத்துத் தின்னு" என்றார். மகளுக்குக் கல்லூரித் தேர்வு. "அம்மா, ஃபோட்டோ எல்லாம் குரூப்பில பாத்தாச்சு" என்று தட்டோடு எழுந்து போனாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்ல வேண்டியது ஃபோட்டோவில் இல்லை. நாங்கள் கிளம்பிய காலையில், நான் தினமும் மடியில் வைத்துக் கொஞ்சிய ஒரு கைக்குழந்தையைக் கடும் காய்ச்சலோடு மலையிறக்கித் தூக்கிப் போனார்கள். எங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதற்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே வந்துவிட்டேன். அந்த ஊருக்கு ஃபோனும் கிடைக்காது. யாரிடமாவது இதை முழுதாகச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அறிவிப்புக்கும் காணிக்கைக்கும் நடுவே கிடைத்த கொஞ்சம் இடம். ரயில் ஏறினோம், இட்லி வாங்கினோம் என்று நான் விஜயவாடா போய்ச் சேருவதற்குள் போதகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "தேவனுக்கே மகிமை" என்று முடித்து இறங்கினேன். சபையார் மனதார "ஆமென்" சொன்னார்கள். வாசலில் ஒருத்தி, "அங்க நல்ல சேலை கிடைக்குமாமே?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம். கேரள எல்லையோரத்து எங்கள் வீட்டில் அது அடக்கமான காரியம். தமிழில் ஒரு பாட்டு, மலையாளத்தில் ஒரு சங்கீதம், கணவரின் சின்ன ஜெபம். கறி ஆறுவதற்குள் ஆமென். மலைக்கிராமத்திலோ எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கதறித்தான் ஜெபிப்பார்கள். எனக்கும் அது தொற்றிக்கொண்டிருந்தது. கணவர் "பரலோகப் பிதாவே" என்றதுதான் தாமதம், நான் இரண்டு கையையும் தூக்கி, "ஐயோ ஆண்டவரே, என் பிள்ளை, என் பிள்ளை" என்று பெருங்குரலெடுத்து அழுதேன்.

அவ்வளவுதான். அடுத்த வீட்டு அக்கா கையில் தோசைமாவு வழிய ஓடி வந்தார். சைவக் குடும்பம், எங்கள் மீன் மணத்துக்கே ஜன்னலைச் சாத்துகிறவர். அன்று அடுக்களை வழியாகவே உள்ளே நுழைந்துவிட்டார். நேரே என் மகளைக் கட்டிக்கொண்டு, "ஐயோ மக்கா, உனக்கு என்ன ஆச்சு?" என்று என்னைவிடச் சத்தமாக அழுதார். மகள் மேலெல்லாம் மாவோடு திருதிருவென்று விழித்தாள். அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போக ஓர் ஆட்டோவையே அழைத்துவந்து நிறுத்திவிட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா, இது ஜெபமாக்கும்" என்றார் கணவர். அவருக்கு மானம் போயிருந்தது.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆட்டோக்காரரும் சிரித்துவிட்டுப் போனார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜெபம் இருக்கட்டு. அது எந்தப் பிள்ளை?"

சொன்னேன். இட்லியையும் விஜயவாடாவையும் விட்டுவிட்டு நேரே குழந்தையில் தொடங்கினேன். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் அது தூங்கும் என்பதையும், அன்று காலை அந்தப் பிடியை நானே விடுவித்துக் கொடுத்ததையும் சொன்னேன். மகள் வந்து என் தோளில் சாய்ந்தாள். கணவர் கறியைப் பற்றிப் பேசவே இல்லை. ஊர் திரும்பிய பிறகு அப்போதுதான் எனக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

"இப்பம் காய்ச்சல் மாறிச்சா?" என்றார் அக்கா.

"தெரியாதுக்கா."

"அப்போ ஒரு நாளோட நிறுத்தப்பிடாது. நாளைக்கும் இதே போல சத்தமாட்டு ஜெபி." அக்கா எழுந்தார். "நான் விளக்கு வச்சிட்டு மதிலுக்க பக்கத்துல வந்து நிக்கேன். எனக்கும் கேக்கணும்."