மலருக்கு வீடு பார்க்க நிக்டி வரை போனது

2007 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இருந்த மலர், புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் அன்று காலை புனே ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். புருஷனுக்குப் பிம்ப்ரியில் வெல்டிங் வேலை. நிக்டியில் நாங்கள் பார்த்து வைத்திருந்த வீட்டுக்குக் கூட்டிப்போக நானும், முன்பே அதே முகாமிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட தவமணியும் போயிருந்தோம். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மருமகள் தட்டச்சு செய்கிறாள். இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும்.

லோனாவலா லோக்கலில் சிஞ்ச்வட் வரை ஆளுக்கு ஐந்து ரூபாய், அரை மணி நேரம். வலப்பக்க ஜன்னல் பிடித்தால் வெயில் படாது.

கட்கியில் வண்டி நின்றபோது தவமணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளும் இப்படித்தான் வந்தாள், இடுப்பில் மகளோடு. அப்போது கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காரர்கள் நாங்கள் ஒரே லைனில் இருந்தோம். காலியாக இருந்த குவார்ட்டர்ஸைக் கழுவி, ஸ்டவ், பானை, கம்பளி எல்லாம் வைத்து அவளைக் குடிவைத்தோம். என்ன பெருமை எங்களுக்கு! மறுநாள் காலை வழக்கம்போல் சோதனை வெடி. எங்கள் கை டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்காது. தவமணியோ மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில். பிள்ளை மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

"அது டெஸ்ட்டுதாம்மா, டெய்லி நடக்கும்" என்றேன்.

"டெய்லியோ! அண்ணை, நாங்கள் நாளைக்கே முகாமுக்குத் திரும்பிப் போறம்."

என் மனைவி கெஞ்சி நிறுத்தினாள். அந்த வாரமே நிக்டிக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு யார் வந்தாலும், ஒரு காலைப் பொழுது முழுக்கத் தவமணி அவர்களுக்குப் பார்த்த வீட்டில் உட்கார்ந்து காது கொடுத்துப் பார்த்த பிறகுதான் முன்பணம். மலருக்கும் அப்படித்தான் பார்த்திருந்தாள்.

கசார்வாடியில் தகரம் அடிக்கும் சத்தம் ரயிலுக்குள் வந்தது. மலர் எட்டிப் பார்த்தாள்.

சிஞ்ச்வட்டிலிருந்து நிக்டிக்கு சிக்ஸ் சீட்டர் ஆட்டோ, ஆளுக்கு ஏழு ரூபாய். "காகா, தோடா சர்கா", கொஞ்சம் தள்ளுங்க என்று சொல்லிச் சொல்லி ஓட்டுநர் ஒன்பது பேரை அடைத்தார்.

வீடு பின்சந்தில். இரண்டு அறை, குழாய்த் தண்ணீர், வாசலில் மரம். ஈ பறந்தால் கேட்கும். மலர் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"பிடிக்கேல்லையோ பிள்ளை?" என்றாள் தவமணி.

"வீடு நல்ல வீடுதான் அக்கா. ஆனா ஒரு சத்தமும் இல்லை. எங்கட ஊரில ஷெல் வர முன்னம் இப்பிடித்தான் இருக்கும். நாய்கூடக் குரைக்காது. இஞ்சை எனக்கு நித்திரை வராது."

 தவமணி என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்துபோட்டன்."

"வழியில தகரம் அடிச்சினமே, அங்க வீடு கிடைக்காதோ?" என்றாள் மலர்.

"சத்தத்துக்கும் சேர்த்து வாடகை கேப்பாங்கம்மா!" என்றேன். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

பழைய மும்பை ரோடு வழியாகக் கசார்வாடி திரும்பினோம். ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஓர் அறை காலி. முதலாளி மராட்டிக்காரர், நல்ல மனுஷர். "ஆவாஜ் பஹுத் ஹை, காகா", சத்தம் ரொம்ப இருக்குமே என்று அவரே தயங்கினார். தரை அதிர்ந்தது. நாங்கள் கத்திக் கத்தி வாடகை பேசி முடிப்பதற்குள் மலர் பையைக் கீழே வைத்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் அதன்மேலேயே தூங்கிப்போயின.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முன்பணம் கொடுத்துவிட்டுக் காட்டாதீர்கள். இரண்டு மூன்று இடத்துக்குக் கூட்டிப்போங்கள், குடியிருக்கப் போகிறவர் வாயால் சொல்லட்டும். ஆறு பேருக்கு அன்று போக்குவரத்துச் செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கசார்வாடிப் பக்கம் பட்டறைகளுக்கு வியாழன்தான் விடுமுறை. வீடு பார்க்க அன்று போனால் தெருவின் நிஜமான சத்தம் தெரியாது.

தவமணி மட்டும் மலரைப் பார்க்க வியாழக்கிழமைதான் போகிறாள். காலையிலேயே போய், சாயங்காலம் வரை மலரோடு பேசிக்கொண்டே இருக்கிறாள்.