பத்து நிமிடத்துக்கு ஒரு குரல்

இதை எழுதுவதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. கீழே உள்ள நேரங்கள் சுவர் மணிக்கூட்டில் நானே பார்த்தவை.

2004 மார்கழி 26, ஞாயிறு. ஐந்தரைக்கு எழும்பினோம். நான் முகம் வழித்தேன். கம்சாயினி தேத்தண்ணி ஊற்றினாள். பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அவள் பாத்திரம் கழுவினாள், நான் கதவைப் பூட்டினேன். ஏழரைக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் தாண்டினோம். கலியாணம் முடித்து ஏழு மாதம்.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. கடற்கரைப் பக்கமாக, சமாதான காலத்தில் வெளிநாட்டு உதவியில் கட்டிய சிறிய ஆய்வுகூடம். அந்த வருடம் வட்டையில், வயல் சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் பல் முரசிலிருந்து இரத்தம் வரும். ஏழாம் நாள் ஆள் இல்லை. அந்த வைரசைக் குடுவைகளில் வளர்த்துப் பார்த்தோம். குடுவைக்கு ஞாயிறும் போயா விடுமுறையும் தெரியாது. தினமும் பார்க்க வேண்டும்.

வேலை நடக்கும் அறை ஒரு கொங்கிறீற் பெட்டி. இரண்டு இரும்புக் கதவுகள், ஒரு கண்ணாடி. உள்ளே ஒருவர் முழு உடையோடு. கண்ணாடிக்கு வெளியே, பார்வை அறையில் ஒருவர். உள்ளே ஆள் நிற்கும்போது வெளிக்கதவை உள்ளிருந்துதான் திறக்கலாம். வெளியே இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்டர்கொம்மில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையுறை கிழியாமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கதவில் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. இன்டர்கொம்மில் வரும் சொல்லை மட்டும் கேட்க வேண்டும். அதுதான் சட்டம்.

அதில் ஒன்றை அவள் மீறுவாள். புருசன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ஆய்வுகூடப் பெரியவர் ஏசியும் பார்த்துவிட்டார்.

8.20க்கு உள்ளே போனேன்.

8.30.

"உள்ள நிக்கிற வெள்ளப் பூதம், கையுறை எப்பிடி?"

இரண்டு கைகளையும் கண்ணாடிக்கு நேரே தூக்கினேன்.

"ஒரு நாளைக்காவது பேரச் சொல்லன்."

"ஏன், மறந்து போச்சா? அடையாள அட்டையில இருக்கு, பாருங்க."

கண்ணாடிக்கு அப்பால் சிரித்தாள். 8.40க்கும் கேட்டாள். கையைத் தூக்கினேன்.

8.50க்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்த கதிரை வெறுமையாக இருந்தது.

8.53. கிழக்கே ஒரு இரைச்சல். பெரிய லொறி ஒன்று சுவரை நோக்கி வருவது போல... அறை அதிர்ந்தது. கரண்ட் போனது. காற்றாடி நின்றது. இரண்டு குடுவைகள் விழுந்து உடைந்தன. கண்ணாடி முழுவதும் மண்ணிறமாயிற்று. அவசர விளக்கு மட்டும் எரிந்தது.

அந்தக் காற்றாடிதான் அறைக் காற்றை வெளியே விடாமல் வைத்திருப்பது. இப்போது கதவைத் திறந்தால் குடுவையில் இருந்தது வெளியே போகும். முதலில் அவளிடம் போகும்.

9.00. இன்டர்கொம் கரகரத்தது.

"ரதீஸ். கதவத் திறக்காதீங்க."

அவள் குரல்தான். கரண்ட் இல்லாமல் எப்படி? உள்ளே பற்றரி இருக்கும் என்று நினைத்தேன். பெயர் சொல்கிறாளே? ஆபத்து வந்ததும் சட்டப்படி நடக்கிறாள் என்று நினைத்தேன்.

"கம்சா, என்ன நடந்த?"

கதவடியில் தண்ணீர் கசிந்தது. மணலோடு.

9.06. வெளிக்கதவில் சத்தம். டப்... டப்... டப் டப்...

நின்றது. மறுபடியும். திறக்கும் பிடியில் கை வைத்தேன்.

9.10.

"ரதீஸ். அது ஒண்டுமில்ல. திறக்காதீங்க."

அந்தக் குரலுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

9.14. தட்டல் வேகமாயிற்று. ஒரு முழு உடம்பே கதவில் மோதுவது போல...

"ஆர் தட்டுற? கம்சா! ஆர்?"

9.20.

"மரம் மோதுது, ரதீஸ். திறக்காதீங்க."

பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

9.21. இரைச்சல். முதலாவதைவிடப் பெரியது.

தட்டல் நின்றது.

9.30. "திறக்காதீங்க."

9.40. "திறக்காதீங்க."

9.50...

கையுறையைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

11.20தான் கடைசி. 11.45க்கு, காற்று ஊதும் முகமூடியின் பற்றரி தீர்ந்தது. மூச்சு முட்டியது. கிருமிநாசினியை உடம்பெல்லாம் ஊற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வெளியே பார்வை அறை இல்லை. சுவர் இல்லை, கதிரை இல்லை. இன்டர்கொம் இருந்த இடத்தில் இரண்டு வயர் முனைகள் தொங்கின.

கம்சாயினியை மறுநாள் வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் எடுத்தோம்.

செத்த பிறகும் நின்று என்னைக் காப்பாற்றினாள் என்று நான்கரை வருடம் நம்பினேன். அதை வைத்துக்கொண்டுதான் சோறு தின்றேன், நித்திரை கொண்டேன்.

2009 ஆனி. யுத்தம் முடிந்திருந்தது. வவுனியா முகாமில் காய்ச்சல்காரருக்கு இரத்தம் எடுக்க என்னை அனுப்பினார்கள். வரிசையில் சீனித்தம்பி அண்ணன் இருந்தார். எங்கள் ஆய்வுகூடத்துக் காவலாளி. கடல் குடும்பத்தைக் கொண்டுபோன பிறகு முல்லைத்தீவில் தம்பி வீட்டுக்குப் போனவர். யுத்தத்தில் பாதை பூட்டி, அங்கேயே அகப்பட்டுவிட்டார்.

ஊசியை ஏற்றும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தம்பி, நீங்க ஏன் திறக்கல்ல?"

"எத?"

"அண்டைக்கு நான் தண்ணித் தாங்கிக்கு மேல ஏறிட்டன். கடல் சத்தம் கேட்டுப் பாக்கத்தான் கம்சாயினிப் பிள்ள வெளிய வந்தது. முதல் அடியிலேயே அந்த அறை, கதைக்கிற பெட்டி, வயர் எல்லாம் போயிட்டு. பிள்ள தப்பிட்டுது. நெஞ்சளவு தண்ணிக்குள்ளால உங்கட கதவுக்கு வந்து தட்டினா. ரெண்டாவது அடி வரும்மட்டும் தட்டினா."

"இல்ல அண்ணன். அவதான் திறக்க வேணாம் எண்டு சொன்ன."

"என்ன கதை கதைக்கிறீங்க? என்ட காதால கேட்ட நான். ஒண்டத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னா."

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"என்னையும் உள்ள எடுங்க."