பத்துப் பேர் ஓட, நான் நின்றேன்

ஒரே ஒரு ஊரிலே பதினொரு பேர் இருந்தார்களாம். பத்துப் பேருக்குக் கால்தான் பிழைப்பு, ஒருத்தனுக்கு மட்டும் கை. அந்தக் கைக்காரன் நான்தான். புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரிக் கால்பந்து டீமின் கோல்கீப்பர். நூறு பந்தைப் பிடித்தாலும் யார் கண்ணிலும் படாது, ஒன்றை விட்டால் ஊருக்கே தெரியும். வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இந்த உத்தியோகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நிறுத்தி வைத்த பிள்ளை

நார்த்தாமலைப் பக்கம் எங்களுக்குக் கடலைக் காடு. சந்தைக்கு வந்த அப்பா ஒருநாள் மைதானத்துக்கும் வந்துவிட்டார். அன்றைக்கு எதிராளிகள் சோனிகள். பந்து என் பக்கமே வரவில்லை. நான் கம்பத்தில் சாய்ந்து காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தோம். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாப் பயலும் ஓடுறான். ஒன்னைய மட்டும் ஏண்டா நிக்க வச்சுட்டாங்க? என்ன தப்புப் பண்ணுனே?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கல்லூரி விழாவில் நன்றாக ஆடினவர்களுக்கு மேடையில் கல்லூரிச் சின்னம் தைத்த கோட்டு போட்டுவிடுவார்கள் என்றும் சொன்னேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாலு பேருக்கு முன்னால ஒனக்கு மருவாதி செய்யட்டும், ஒத்துக்கிறேன். இல்லேன்னா அடுத்த வருசம் பந்தும் இல்ல கிந்தும் இல்ல. காலேசு விட்டா நேரா வந்து மாட்டைப் பாரு."

கடலைக் கூடை

கோட்டு ஆசையில் பாய்ந்து பாய்ந்து ஆடினேன். ஒரு மேட்சில், மேல் கம்பத்துக்கடியில் நுழைய வந்த பந்தை எகிறி விரல் நுனியால் வெளியே தட்டிவிட்டேன். அந்த சீசனில் நான் தடுத்ததிலேயே நல்ல பந்து அதுதான். அது நேரே போய், கோலுக்குப் பின்னால் அவித்த கடலை விற்கும் வள்ளியம்மை அக்காவின் கூடையில் இறங்கியது. ஜனங்கள் கைதட்டினார்கள். அக்கா மண்ணில் கடலை பொறுக்கினார்.

"உள்ள போனா வலை புடிச்சுக்குது. நீ புடிச்சா ஒன் கையில நிக்குது. இந்தத் தட்டி விடுறதுதான் தம்பி என் பொழப்பக் கெடுக்குது. பேசாம கோலா விட்டுருப்பா!"

படம்

கடைசி மேட்ச். எங்கள் சென்டர் பார்வர்டு துரைராஜ் ஒரு கோல் போட்டிருந்தான். முடிகிற நேரத்தில் எதிர் டீமுக்கு பெனால்டி. நான் இடப்பக்கம் விழுந்தேன். பந்தும் பாவம், அங்கேயே வந்தது. விசில் ஊதியதும் டீம் முழுக்க ஓடியது, துரைராஜிடம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோலுக்கு முன்னால் வந்தார்கள். அங்கேதான் படத்துக்கு வெளிச்சமாம். பந்தைக் கட்டிக்கொண்டு நானும் சிரித்தபடி நின்றேன். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. டீமை மறைக்கிறீங்க."

மேடை

விழாவுக்கு அப்பா சலவை வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோட்டு உண்டா இல்லையா என்று எவனும் சொல்லவில்லை. பெனால்டிக்குக்கூட அப்படி உள்ளங்கை வியர்த்ததில்லை.

பி.டி. மாஸ்டர் மைக்கைத் தட்டினார். முதல் கோட்டுக்கு வாசித்த பெயர் என்னுடையது! பெரிய காரணம் ஒன்றுமில்லை. டீமை வாசித்தால் கோல்கீப்பரில் தொடங்குவது வழக்கம். கடைசியில் துரைராஜ், அவனுக்குக் கோட்டோடு, சிறந்த ஆட்டக்காரனுக்கான கோப்பையும்.

ஆனால் எங்கள் ஊரில், கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்ற சண்டையில் தேரே ஓடாமல் நின்றிருக்கிறது. அப்பாவுக்கு வரிசைதான் கணக்கு. வெளியே வந்ததும் என் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். "மொத மருவாதியே நமக்குத்தானா! ஆமா, கடைசியா ஒரு பையனுக்கு ஆறுதலுக்கு என்னமோ சொம்பு குடுத்தாங்களே, யாருடா அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் துரைராஜே கோப்பையோடு வந்து நின்றான். அப்பா அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"மனசு விட்றாதப்பா. ஓடிக்கிட்டே இருந்தா எப்புடிக் கூப்புடுவாங்க? இவன மாதிரி ஒரு எடத்துல நில்லு."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார், துரைராஜ் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தான், அடுத்த வருஷத்தையும் ஜெயித்துவிட்ட நான் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தேன்.