ஒரே அறையில் வாசிக்காத பாட்டு

எங்கள் மியூசிக் பேண்டில் நாலு பேர். கோலா பிலா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். மற்ற பையன்கள் உறுமி மேளக் குழுவில் சேர்ந்தார்கள், இல்லையென்றால் கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். நாங்கள் கித்தாரை அலறவிட்டு, சொந்தமாக எழுதிய தமிழ்ப் பாட்டை ராக்காகப் பாடினோம். கேட்க ஆள் குறைவு. அது எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது.

எங்களுடைய ஒரே சிங்கிள் வெளிவந்தபோது தோட்டத்தில் நான் மட்டும்தான் மிச்சம். கித்தார்காரன் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். பேஸ் வாசிப்பவன் கல்யாணமாகி ஜொகூரில் இருந்தான். டிரம்ஸ்காரன் கிள்ளானுக்கு லாரி ஓட்டப் போகும் முன், அம்பாங்கானில் ஒரு கடைமாடி ஸ்டுடியோவில் தன் பங்கை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்குப் பனையெண்ணெய் ஆலையில் வேலை, போக முடியவில்லை. மற்ற இருவரும் தங்கள் அறையிலேயே பதிந்து அனுப்பினார்கள். கடைசியாக நான் அதே ஸ்டுடியோவுக்குப் போய், கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டு தனியாகப் பாடினேன்.

கடைசி பஸ் போனது தெரிந்தும் ஸ்டாப்பை விட்டு நகராத ஒருவனைப் பற்றிய பாட்டு அது. மெட்டு துள்ளலாக இருந்ததால் எல்லாரும் காதல் பாட்டு என்று நினைத்தார்கள்.

அதைக் கேட்டுவிட்டு பாரோயிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். அங்கே மண்டபத்தில் பிற்பகல் இளைஞர் விழா, வந்து பாடவேண்டும் என்றார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்று பேரும் வருகிறோம் என்றார்கள். விழா நெருங்க நெருங்க ஒவ்வொருவனாகக் கழன்றான். "லீவு குடுக்கலடா." "பிள்ளைக்குக் காய்ச்சல்." டிரம்ஸ்காரன் மட்டும் போன் செய்து சொன்னான்: "லோடு இருக்கு மச்சான், நீ போய்ப் பாடு லா. நாங்கதான் ரெக்கார்டிங் டிரேக்ல இருக்கோமே."

அவன் சொன்னபடியே செய்தேன். என் குரலை எடுத்துவிட்ட பதிவோடு போனேன். மேடையில் நாலு மைக், நாலு தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார்கள். "கோலா பிலாவின் நால்வர்!" என்று அறிவிப்பாளர் கூவினார். நான் ஏறினேன். அறிவிப்பாளர் எனக்குப் பின்னால் பார்த்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பாட்டு தொடங்கியது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் அதை நான் கேட்டதே இல்லை. பாட்டின் நடுவில் எல்லாக் கருவிகளும் ஒரு மூச்சு நின்று, பிறகு நான் பாட வேண்டும். அந்த இடத்தில், சன்னமாக, டிரம்ஸ்காரன் சிரித்தான். போனிலும் ஹெட்போனிலும் காதில் படாத சிரிப்பு. எதற்குச் சிரித்தான்? குச்சி நழுவியதா, ஸ்டுடியோக்காரர் ஏதும் சொன்னாரா? நானும் அங்கே இருந்திருந்தால் சேர்ந்து சிரித்திருப்பேன். யோசித்து நின்றதில் ஒரு வரி போய்விட்டது. இசை என்னை விட்டுவிட்டு ஓடியது. அடுத்த வரியில் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

கைதட்டினார்கள். அந்த அக்கா மீகூன் சேமியாப் பொட்டலம் ஒன்று கொடுத்து, "தம்பி, அந்த எடத்துல நிறுத்துனீங்களே, நெஞ்ச என்னமோ பண்ணிருச்சுப்பா" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, மோட்டார்சைக்கிள் பக்கத்தில் நின்றபடியே டிரம்ஸ்காரனை அழைத்தேன்.

"டேய், ரெக்கார்டிங்ல நடுவுல சிரிச்சியே, எதுக்கு?"

"சிரிச்சேனா?" பின்னால் லாரி இரைந்தது. "ஞாபகமில்லடா. ஏன், பாட்டு கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சரி. கம்பெனி கேட்டுக்கிட்ட வந்துட்டேன், வைக்கிறேன்."

தீபாவளிக்கு டிரம்ஸ்காரன் தன் மனைவி, பிள்ளையோடு தோட்டத்துக்கு வந்தான். சேர்ந்து சாப்பிட்டோம். லாரி, டயர், முதலாளி என்று நிறையப் பேசினான். டிரம்ஸை விற்றுவிட்டதைப் போகிற போக்கில் சொன்னான். பாட்டைப் போட்டு அந்த இடத்தைக் காட்டலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் மத்தாப்பு வேண்டும் என்று பிள்ளை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். நான் கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன்.