சம்பந்தியோடு ஸ்டேக் கடைக்குப் போனோம்

இன்று மகளின் வருங்கால மாமியாரை ஒஷாவாவில் இருந்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவர் மட்டக்களப்பு, சைவக் குடும்பம். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர்.

வழியில் பசித்தது. எல்லோரும் புகழும் அந்த ஹைவேயோர மாட்டிறைச்சி ஸ்டேக் கடையில் என் கணவர் யோசிக்காமல் காரை நிறுத்திவிட்டார். கலியாணமே குழம்பப்போகிறது என்று பயந்தேன்.

"அக்கா, வேற கடைக்குப் போவமோ?" என்று கேட்டேன்.

"ஏன்? எனக்குக் கோழி எடுங்க. நீங்க மாட்டிறைச்சி சாப்பிடுங்க. என்ட மகனும் சாப்பிடுறவன்தான். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சிட்டிருக்கான்."

மூன்று பேரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம்.

ஸ்டேக் கொஞ்சம் வறண்டுதான் இருந்தது. ஆனாலும் நிறுத்திச் சாப்பிடலாம் என்பேன்.

மருமகனும் என் பதிவுகளை வாசிப்பவர் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அழிக்கவா, விடவா? சொல்லுங்கள்.