அந்த அறையைத் தேர்ந்தெடுத்தது கப்பல்

என் தம்பி பொய் சொல்கிறான். போன வாரம் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பெரியக்காவுக்குன்னு பாத்துப் பாத்து எடுத்த ரூமு அது" என்று எதிர்வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். சித்தப்பா அவனுக்கு இன்னொரு லட்டு வைக்கச் சொன்னார். அவன் எதையும் பார்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. அவன் போனைத் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கப்பலில் போகலாம் என்பது அவன் யோசனைதான். அதை நான் மறுக்கவில்லை. எங்கள் பெரியக்கா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாஷ்டா கடை வைத்திருக்கிறாள். முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் அங்கேதான் இட்லியும் வடைகறியும் சாப்பிடுவார்கள். ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுப்பைப் பற்ற வைத்தாக வேண்டும். அவளைக் கட்டிக்கொண்டவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அந்தக் கடையில்தான் நான் வளர்ந்தேன். அந்தக் கடைதான் தம்பியை ஏனாத்தூரில் இன்ஜினியரிங் படிக்க வைத்தது. இப்போது அவன் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. நல்ல விஷயம்.

"இன்னா வேணும்க்கா, சொல்லு" என்றான் ஒரு நாள்.

அக்கா யோசிக்கவே இல்லை. "சூரியன் மொளைக்கறத ஒரு வாட்டி சும்மா ஒக்காந்துகினு பாக்கணும்டா நைனா. அது வரும்போதெல்லாம் நா அடுப்பாண்ட கீறேன்."

"கடல்லயே காட்டறேன்" என்றான் இவன். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கடலுக்குள் போய், இரண்டு ராத்திரி சுற்றிவிட்டுத் திரும்புகிறதாம். தம்பி, அவன் மனைவி, பெரியக்கா, நான். என் வீட்டுக்காரருக்கு ஏரிக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடை மூடிய ஒரு மத்தியானம், கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து டிக்கெட் போட்டான். பெயர், வயது எல்லாம் நிரப்பிய பிறகு எந்த மாதிரி அறை, எந்த மாடியில் என்று போன் கேட்டது. பால்கனி வைத்தது, ஜன்னல் வைத்தது, ஒன்றும் இல்லாதது என்று படம் படமாக வந்தது. கடைசியாக ஒன்று இருந்தது: நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், எங்களிடம் மிச்சம் இருப்பதில் நாங்களே ஒதுக்குகிறோம், கொஞ்சம் மலிவு. இவன் கட்டைவிரல் அதில்தான் விழுந்தது.

"டேய், ரூமு எங்க கீதுன்னு பாக்கலியா?"

"ஏறும்போது குடுப்பாங்க சின்னக்கா. எல்லா ரூமும் கப்பல்லதான கீது? கப்பலு கடல்லதான கீது? எங்க பாத்தாலும் கடலுதான் தெரியும்."

இதுதான் இவன் பார்த்துப் பார்த்து எடுத்த லட்சணம்.

ஏறும்போது கொடுப்பார்கள் என்றால் எங்களுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். முந்துகிறவருக்கு ஜன்னல். நான் காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். தினமும் காலையில் உத்திரமேரூரில் பஸ் ஏறுகிறவள். பஸ் வளைந்து உள்ளே வரும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டையோ சோற்றுப் பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் அது உங்கள் இடம். அப்புறம் நிதானமாக டீ குடித்துவிட்டு ஏறலாம். போட்ட துண்டை எடுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தவரை காஞ்சிபுரம் வரைக்கும் பஸ்ஸே திட்டிக்கொண்டு வரும். துண்டு போடுவதில் என்னை அடிக்க எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஆள் இல்லை.

ஆகவே நாலு துண்டு எடுத்து வைத்தேன். "பால்கனி வெச்ச ரூமா பாத்துப் போடு சின்னக்கா, நா பொட்டியத் தூக்கிக்கினு பின்னாலயே வரேன்" என்றான் இன்ஜினியர்.

துறைமுகத்தில் கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் காவலாளியும் ஒரு நாயும்தான். அப்புறம் பெட்டியைச் சோதித்தார்கள், ஆளைச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். தம்பி நாலு அட்டையையும் வாங்கிப் படிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கப்பலுக்குள் கால் வைத்ததும் நான் ஓடினேன். ஒரு மாடி, இன்னொரு மாடி, ரயில் பெட்டி மாதிரி நீண்ட நடை. ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே பெரிய கட்டில், கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் பால்கனி, அதற்கு அப்பால் கடல். கட்டில் நடுவில் துண்டை விரித்துப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மூச்சு வாங்கியது. ஆனால் ஜெயித்துவிட்டேன்.

அறையைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். தமிழ்ப் பையன்தான், பேச்சு தெற்கத்திப் பக்கம்.

"அக்கா, உங்க ரூம் நம்பர் என்னக்கா?"

"இதான். துண்டு போட்டுட்டேன், பாரு."

அவன் துண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இது பஸ் இல்லக்கா."

"பஸ்ஸோ கப்பலோ, மொதல்ல வந்தது யாரு?"

அதற்குள் அந்த அறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். புருஷன், பெண்டாட்டி, சக்கரம் வைத்த பெட்டிகள். அந்தம்மா கூலிங் கிளாஸைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, "எக்ஸ்கியூஸ் மீ?" என்றாள்.

"வேற ரூமு பாத்துக்கோங்கம்மா. மேல நெறைய காலியா கீது" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அப்போதுதான் தம்பி இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தான். பையன் அட்டையைக் கேட்டான். தம்பி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பையன் படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "இதுலயே நம்பர் போட்டிருக்குக்கா. சாருக்கு இதுக்கு மேல் மாடி, பால்கனி. உங்களுக்கும் இன்னொரு அக்காவுக்கும் கீழ. கப்பலுக்கு நடுவுல." கூலிங் கிளாஸ் அம்மா என் துண்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

கீழே போனோம். எங்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு திரைச்சீலை. திரையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அக்கா போய் அதை இழுத்தாள். பின்னால் சுவர். சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அக்கா அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "தோ, சூரியன் மொளச்சிடுச்சி" என்றாள்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு வரவேற்பு மேஜைக்குப் போனேன். அங்கே இருந்த பெண், அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன, தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று நீங்களேதானே குறித்திருக்கிறீர்கள் என்று சிரித்த முகம் மாறாமல் சொன்னாள். இவன் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவ எதுக்குடா வந்தா? சொவத்தப் பாக்கறதுக்கா? அத்தத்தான் அவ வூட்லயே தெனம் பாத்துக்கினு கீறாளே!"

"எனக்கு இன்னா தெரியும் சின்னக்கா? கப்பல்தான குடுத்துது?"

இந்த வாக்கியத்தை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்தான் கொடுத்தது என்று அன்றைக்கு அவன் வாயாலேயே சொன்னான்.

அவன் மனைவி தங்கமான பெண். "அண்ணி, நீங்க ரெண்டு பேரும் மேல போங்க. நாங்க இங்க படுத்துக்கறோம்" என்று அவளாகவே சொன்னாள். அக்காதான் வேண்டாம் என்றாள். முட்டி வலிக்கிறதாம், மறுபடி ஏற முடியாதாம். "காலைல மேல வரேன்மா. உங்க ரூம்லயே ஒக்காந்து பாத்துக்கறேன்." அதுவும் சரிதான். அலாரம் வைக்கட்டுமா என்று கேட்டேன். "எனக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் எழுந்துதான் எங்கள் தெருவில் மற்றவர்கள் எழுவார்கள்.

விளக்கை அணைத்தேன். அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை. தெருவிளக்கு இல்லை, கதவிடுக்கு வெளிச்சம் இல்லை, கோழி இல்லை, பால் கேன் சத்தம் இல்லை, முதல் பஸ் ஹாரன் இல்லை. ஏசி மட்டும் மெதுவாக முனகியது. கட்டில் தூளி மாதிரி ஆடியது. அக்காவிடம் ஏதோ கேட்டேன். அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். "பெரியக்கா! கதவத் தொற பெரியக்கா!" தம்பியின் குரல். அழுகிற குரல். நான் தடவித் தடவி விளக்கைப் போடுவதற்குள் அக்கா போய்க் கதவைத் திறந்தாள். தலை அவிழ்ந்து, கண் வீங்கி நின்றாள்.

"இன்னாடா, கடையாண்ட யாருனா வந்து நிக்கறாங்களா?"

தம்பி பக்கத்தில் அந்தத் துடைக்கிற பையன் சாவியோடு நின்றான். தம்பி விடிவதற்கு முன்பே பால்கனியில் நாற்காலி போட்டு அக்காவுக்காகக் காத்திருக்கிறான். சூரியன் வந்து, ஏறி, போய்விட்டது. அக்கா வரவில்லை. அவன் கீழே வந்து தட்டியிருக்கிறான், பதில் இல்லை. மேல்தளம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் தேடியிருக்கிறான். பொழுது விடிந்த பிறகு அக்கா படுத்திருந்து அவன் பார்த்ததே இல்லை. ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டான்.

"மத்தியான சோறு போட்டுக்கினு கீறாங்கக்கா!" என்று கத்தினான்.

"மத்தியானமா?" அக்கா என்னைப் பார்த்தாள். "மத்தியானம் வரைக்குமா தூங்கனேன்? நானா?" அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். சாவிப் பையனும் சிரித்தான். நானும்தான்.

அன்றைக்கு அக்கா இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். அங்கே வைத்திருந்த இட்லியைப் பிட்டுப் பார்த்து, "ஊத்தனவன் தூக்கத்துல ஊத்திகீறான்" என்று ஒதுக்கி வைத்தாள். மேல்தளத்தில் காற்றில் நடந்தாள். முகம் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் தம்பி பெட்டியோடு கீழே வந்தான். "மேல போ பெரியக்கா. நாளைக்கு ஒரு நாள்தான் கீது. படுத்துக்கினே பாக்கலாம்."

"போடா. சூரியன் எங்க போவப் போவுது? நம்ம ஊர்லயும் அதான் மொளைக்குது. இந்த இருட்டு அங்க கெடைக்குமா?"

"அதுக்குத்தானக்கா வந்தோம்?" என்றேன் நான்.

"வந்த வேலைய நீ பாரு. நா தூங்கறேன்."

மறுநாள் நான்தான் மேலே போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. தண்ணீரிலிருந்து சிவப்பாக, தட்டு மாதிரி வந்தது. தம்பி மனைவியும் நானும் பார்த்தோம். தம்பி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குறட்டை விட்டான். கீழே அக்காவும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஊருக்கு வந்ததும் அடுப்பு, இட்லி, முதல் பஸ் எல்லாம் பழையபடி. ஆனால் வருகிற பொங்கலுக்குக் கடையை மூடிவிட்டு இன்னொரு முறை போக வேண்டும் என்கிறாள். அதே மாதிரி அறை வேண்டும். கீழே, நடுவில், ஜன்னல் இல்லாமல். வேறு எதுவும் கொடுத்தால் வரமாட்டாளாம். தம்பியிடம் சொன்னாள். இவன் போனை எடுத்தான். பந்தியில் பார்த்துப் பார்த்து எடுத்ததாகச் சொன்ன அதே ஆள், கடை பெஞ்சில் உட்கார்ந்து, "கப்பலே குடுக்கும்க்கா, போன வாட்டி குடுக்கலியா?" என்கிறான். கப்பல் இந்தத் தடவை பால்கனி கொடுத்துவிட்டால்? வெளிச்சம் முகத்தில் அடித்ததும் அவள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அவள் வாழ்க்கையில் தூங்கியது அந்த இரண்டு ராத்திரிதான். அதையும் மிச்சம் மீதியில் விடுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டேய் தம்பி, எனக்குத் தனியாகப் போன் போட்டு சமாதானம் சொல்லாதே. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், உனக்கு லட்டு வைக்கச் சொன்ன சித்தப்பா உட்பட எல்லாரும் படிக்கும்படி எழுது. போன முறை அந்த அறையைத் தேர்ந்தெடுத்தது நீயா, கப்பலா? இந்த முறை ஜன்னல் இல்லாத அறையாக நீயே பார்த்து, நம்பரோடு எடுக்கப்போகிறாயா, இல்லையா? கட்டைவிரல் படம் போட்டால் செல்லாது. வார்த்தையில் எழுது.