இரண்டாவது ஆர்

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணமானால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அப்படி என் லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, வாய்த்த மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். புது மாப்பிள்ளை ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. டீயில் சீனி போதாது என்று ஒருநாள் அவர் சொல்லப்போக, அந்த லீவு முடியும்வரை வீட்டில் எல்லோரும் பாயசம் மாதிரி டீ குடித்தோம்.

எங்கள் கம்ப்யூட்டர் சில நாளாக எழுந்திருக்காமல் கிடந்தது. ஒரு காலையில் மச்சான் கையில் சிடியோடு வந்து, "ஃபார்மட் பண்ணிருவோம் மாமி, புதுசு கணக்கா ஆயிரும்" என்றார். உம்மா உடனே, "அதுக்கென்ன, பண்ணுங்கோ" என்றாள். அடுக்களையில் வடை சுட்டுக்கொண்டிருந்த லாத்தாவின் முகம் செத்துப்போயிற்று.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் அவளுடைய படிப்பு இருந்தது. கல்யாணம் பேசும்வரை தூத்துக்குடியில் ஒரு சென்டருக்குப் போய்க் கட்டடப் படம் வரையப் படித்துக்கொண்டிருந்தாள். தேதி குறித்ததும் உம்மா நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பயம். மாப்பிள்ளையிடம் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு வேறு. லாத்தா விட்டுவிடுகிற ஆளா? சென்டரில் போட்டுக் கொடுத்த சாப்ட்வேரில், மத்தியானம் உம்மா கண்ணயரும் நேரமாகப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தாள். உம்மா எழுந்தால் இருமிக் காட்டும் வேலை எனக்கு. வரைந்த படங்களை அவ்வப்போது பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். வரைகிற சாப்ட்வேரை அப்படி எடுத்து வைக்க முடியாது. ஃபார்மட் செய்தால் அது அழிந்துபோகும். பாதியில் நின்றவளுக்குச் சென்டரில் மறுபடி போட்டுத் தரவும் மாட்டார்கள். அத்தோடு படிப்பும் போயிற்று.

சாப்ட்வேர் எதுவும் போகாமல் சிஸ்டத்தை மட்டும் திரும்ப ஏற்றுவதற்கு ஒரு வழி இருந்தது. அது லாத்தாவுக்குத் தெரியும். சிடியைப் போட்டதுமே, ரிப்பேர் பண்ண ஆர் என்ற இங்கிலீஷ் எழுத்தை அமுக்கு என்று திரையில் வரும். அதை நம்பிவிடக் கூடாது. எண்டர் தட்டி, எஃப் எட்டை அமுக்கிப் போனால் இன்னொரு ஆர் வரும். அந்த ஆர்தான் காரியத்துக்கு ஆகும். ஆனால் உம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, புதுப்பெண் வந்து மாப்பிள்ளைக்குப் பாடம் எடுப்பதாவது! லாத்தா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள்.

"மச்சான்ட்ட போயி, நீயே சொல்ற மாதிரிச் சொல்லுளா. மொத ஆரு வேண்டாம். எஃப் எட்டு. பொறவு ரெண்டாவது ஆரு."

எனக்கு அப்போது தெரிந்த ஆறு, ஐந்துக்கு அடுத்து வருகிற ஆறு ஒன்றுதான். நேரே போய், "மச்சான், மொத ஆறு வேண்டாமாம். எட்டு, ரெண்டு, ஆறு அமுக்கணுமாம். நானாத்தான் சொல்லுதேன்" என்றேன்.

பாவம், மச்சான் எட்டு, ரெண்டு, ஆறு என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். கம்ப்யூட்டர் அசையவில்லை. பிறகு தானாக முதல் ஆரை அமுக்கினார். திரை கறுத்துப்போய், எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு பாஸ்வேர்டைக் கேட்டது. "இதுக்கு மேல முடியாது, அழிச்சிர வேண்டியதுதான்" என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"ஐயோ, அமுக்கிராதீங்கோ!"

எண்ணெய் சொட்டும் கரண்டியோடு லாத்தா அறை நடுவில் நின்றாள். உம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் லாத்தாவைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே உக்காந்து பண்ணு."

மாப்பிள்ளை நிற்கிறார், பெண் உட்கார்ந்திருக்கிறாள். உம்மாவுக்கு உயிரே போய்விட்டது. லாத்தா எண்டர் தட்டினாள், எஃப் எட்டு, பிறகு இரண்டாவது ஆர். ஏதேதோ வெகுநேரம் ஓடியது. நடுவில் அதுவாக அணைந்து எழுந்தபோது, ஏதாவது ஒரு கீயைத் தட்டு என்று வந்தது. மச்சானின் விரல் நீண்டது. "இப்ப ஒண்ணையும் தொடாதீங்கோ!" என்று லாத்தா ஒரு அதட்டுப் போட்டாள். அவர் கையைக் கட்டிக்கொண்டார். மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் பழைய திரை வந்தது. வரைகிற சாப்ட்வேர் இருந்த இடத்திலேயே இருந்தது. லாத்தா சந்தோஷம் தாங்காமல் அழுதுவிட்டாள்.

"இதெல்லாம் எங்க படிச்சே?" என்று கேட்டார் மச்சான். லாத்தா உம்மாவைப் பார்த்தாள். உம்மா கூரையைப் பார்த்தாள். விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. "எதுக்கு நிப்பாட்டினிய?" என்று அவர் கேட்டார். உம்மா, காலையிலேயே கருகிப்போன வடையைப் பார்க்க அடுக்களைக்கு எழுந்து போனாள்.

லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று ஹால் நிறைய ஆட்கள். அவருடைய உம்மாவும் இருந்தார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி மச்சான் என் உம்மாவிடம் சொன்னார்: "மாமி, அந்தக் கம்ப்யூட்டரைச் சும்மா விட்டா மறுபடி படுத்துரும். வாரத்துல ரெண்டு நாளு தூத்துக்குடிக்கு சர்வீஸுக்குப் போயிட்டு வரணும். அவளையே அனுப்புங்கோ." உம்மா சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "இன்ஷா அல்லாஹ், அனுப்புதேன்" என்றாள்.

லாத்தா பஸ் ஏறிப் போய்வர ஆரம்பித்தாள். ஒருநாள் மச்சானின் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தவர், மருமகள் எங்கே என்று விசாரித்தார். கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போயிருக்கிறாள் என்று உம்மா சொன்னாள். எனக்குத் திக்கென்றது. உள்ளறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நினைத்தது சரிதான்.

"உம்மா, லாத்தா கம்ப்யூட்டரை மறந்து வச்சிட்டுப் போயிட்டா!" என்று கத்திக்கொண்டே ஹாலுக்கு வந்தேன்.

விருந்தாளிக்கு வைத்திருந்த தட்டிலிருந்து மஸ்கோத் அல்வாவைப் பெரிய துண்டாக எடுத்து உம்மா என் வாயில் திணித்தாள். மெல்ல முடியாத அளவு பெரிய துண்டு. சமயத்தில் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரமும் வாசலிலேயே காத்திருந்து, மச்சானின் உம்மா வந்ததும் முதல் ஆளாக அதையே சொன்னேன்.